மாதிரி வீட்டுத் தண்ணீர்

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, ஜன்னலை இழுத்துச் சாத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. குழாயைத் திறக்காத ஆளை மட்டும் இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. தண்ணீர் சடசடவென்று கொட்டினால் முகம் மலர்ந்துவிடும். வெறும் காற்று வந்தால், கடலே வாசலில் வந்து நின்றாலும் வியாபாரம் நடக்காது. எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள் ஐயா. இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீடுகளை விற்கிறவன். முன்னால் புல்வெளி, பின்னால் கடல், மழையென்றால் விருந்தாளி மாதிரி எப்போதாவது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. காலையில் எழுந்ததும் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அந்த வெயிலில் புல் தானாகப் பச்சையாக நிற்காது. நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து, அதிலேயே உரத்தைக் கரைத்து, தனிக் குழாயில் புல்லுக்கு விடுவார்கள். வீடுகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேறு.

கடைசி வரிசைக்கு மட்டும் அந்தக் குடிதண்ணீர்க் குழாய் வந்து சேரவில்லை. வீடுகள் தயார். வாரக் கடைசியில் பார்க்க ஆள் வருகிறது. அந்த வரிசையில் ஒன்றை மாதிரி வீடாக்கி, கட்டிலில் விரிப்பு, மேசையில் பழம், ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டுவிட்டோம். தண்ணீர்தான் இல்லை.

"புல்லு லைன்லேருந்து ஒரு ஓஸ் எடுத்து மாடித் தொட்டியில விட்டுடட்டுமா சார்? சும்மா காட்டறதுக்குத்தானே" என்றார் பிளம்பர்.

விடச் சொன்னேன். வருகிறவர்கள் கையை நனைத்துப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மாதிரி வீட்டில் யாரும் குடித்தனம் செய்வதில்லை.

ஒரு பல் டாக்டர் குடித்தனம் செய்தார். ஓய்வு பெற்று, மனைவியோடு வந்திருந்த மனிதர். பக்கத்து வீடுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதான் வேணும் தம்பி. இந்த மேசை, இந்தத் திரை, எல்லாம் அப்படியே இருக்கட்டும். மக கைக்குழந்தையோட வரா. சாவிய உடனே குடுத்துடுங்க."

கொடுத்தேன். குடிதண்ணீர்க் குழாய் அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருக்கலாம். ஆனால் அந்த ஒற்றைச் சாலையில் தண்ணீர் லாரி நின்றால், வீடு பார்க்க வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். சாவி கொடுத்த அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லியிருக்கலாம்தான். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

நான் அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. தினமும் போய் வருவேன். மின்விளக்கு மாட்டிக் கொடுப்பேன், மருந்து வாங்கி வருவேன். "இங்க தண்ணி கொஞ்சம் கடினம்மா, நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொன்னதும் நான்தான். கொதிக்க வைத்தால் கெடுதல் போய்விடும் என்று நினைத்தேன். உரம் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நல்ல குடும்பம் ஐயா. பல் டாக்டர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கூடத்திலேயே பந்தடித்துப் பழகுவார். பந்து கட்டிலுக்கடியில் போய்விடும். "நாப்பது வருஷமா ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்ச மனுஷன், இப்ப ஓட்டையத் தேடித் தேடிப் பந்தடிக்கிறார் பாருங்க தம்பி" என்று அந்த அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். மகள் என்னை அண்ணா என்பாள். தாய்ப்பால் போதவில்லை, பால்மாவு கலந்துதான் புகட்டினாள். குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. என் மடியில் போட்டால் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்பவர் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். மாடித் தொட்டிக்குப் போகும் ஓஸை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"அந்த வீட்ல ஆளுங்க இருக்காங்களா சார்? கைக்குழந்த இருக்குங்கறாங்களே. பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்தைக்கு அந்த உரத்தண்ணி விஷம் சார். மேலெல்லாம் நீலம் பாரிச்சுடும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரக் கடைசியில் மூன்று குடும்பங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன்.

பிறகு குழந்தையின் உதடு கறுக்கத் தொடங்கியது. நகமும். மகள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கடல் காத்தும்மா, குளிர் தாங்கல. கம்பளி போத்தி வைங்க" என்றேன். போர்த்தி வைத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்கிற பெண்.

ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் போனோம். ஓட்டியது நான். எடுத்த ரத்தம் பழுப்பாக இருந்தது. டாக்டர் மகளிடம் கேட்டார், பாலை எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்று. "நல்லா கொதிக்க வச்ச தண்ணிதான் டாக்டர், அண்ணாகூட அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மருந்து இருந்திருக்கிறது. ஊசியில் போட்டால் நிறம் திரும்பிவிடுமாம். காரணம் தெரிந்திருந்தால் உடனே போட்டிருப்பேன் என்று பின்னால் அவர் சொன்னார். டாக்டர்கள் குழந்தையின் இதயத்தில் கோளாறோ என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் திரும்பி வந்து, பிளம்பரைக் கூப்பிட்டு ஓஸைக் கழற்றி, தொட்டியைக் கழுவச் சொன்னேன். வீடு காலியாக இருந்தது. வேலை சுலபமாக முடிந்தது. குழந்தை போய்விட்டது என்று போன் வந்தபோது நான் சமையலறைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

பிளம்பர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகுட்டிக்காரர்.

நான் என் பிழைப்புக்காக ஒரு குழந்தையைச் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தின்மேல் எனக்குப் பாசமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொய். இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

உதடு கறுப்பதற்கு முன்னால், புல் பார்க்கிறவர் வந்துவிட்டுப் போன மறுநாள், நான் அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அண்ணா, இந்தத் தண்ணி பாப்பாவுக்கு ஒத்துக்குமா? ஒரு மாதிரி வாடை வருது. எனக்கு மனசே சரியில்ல."

கெண்டியில் கொதித்து ஆறிய தண்ணீர் குடிக்கிற சூட்டில் இருந்தது. ஒரு டம்ளர் ஊற்றி, அவள் முன்னாலேயே, ஒரு மூச்சில் குடித்துக் காட்டினேன். பெரியவர்களுக்கு ஒன்றும் பண்ணாது என்று எனக்குத் தெரியும். "நானே குடிக்கறேன், அப்புறம் என்னம்மா?" என்று சிரித்தேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதே கெண்டியைச் சாய்த்துப் பால் கலந்தாள். அவசரத்தில் அப்படியே புகட்டப் போனாள். நான்தான் தடுத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கச் சொன்னேன். குழந்தைக்கு வாய் வெந்துவிடக் கூடாதே.