பசுபதிநாதர் கோயில் சந்து

அம்மணி: எருமையா? கறியா?

காவேரி: எருமைக் கறிதாம்மா. நம்ம கொழுக்கட்டையாட்டம் மடிச்சு, ஆவியில வேக வெச்சுத் தர்றாங்க. மோமோன்னு பேரு. தின்னதுக்கப்புறந்தான் எங்க காலேஜ் மேடம் விசாரிச்சுச் சொன்னாங்க.

அம்மணி: தின்னுட்டியா...

காவேரி: எறங்கிருச்சே, என்ன பண்றது. எங்கூட வந்த மாதம்மாதான் ரோட்டோரமா நின்னு வாந்தி எடுத்தா.

அம்மணி: எஸ்டேட் லைன் ஊட்டுல யாருகிட்டயும் சொல்லிராத சாமி. எருமையத் தின்னுட்டு வரத்தான் காலேஜ்ல நேபாளம் கூட்டிட்டுப் போனாங்களாக்கும்.

காவேரி: கோயில் பாக்கத்தாம்மா. காட்மாண்டு முச்சூடும் கோயிலு. ஒரு எடத்துல கோபுரத்து மேலயே கண்ணு வரஞ்சிருக்குது. எந்தப் பக்கம் போனாலும் நம்மளயே பாக்குது.

அம்மணி: பாத்தாப் பாக்கட்டும். கால நீட்டி உக்காரு. டூர் போனவ மொகமா இது? காப்பி வெக்கட்டா?

காவேரி: இரும்மா, கேளு. பசுபதிநாதர் கோயிலுக்குப் பின்னாடி ஆறு ஓடுது. அந்தப் படித்துறையிலயே பொணத்த எரிக்கறாங்க. நாங்க பாத்துட்டு நிக்கறப்பவே...

அம்மணி: வயசுப் புள்ளைங்கள அங்கயுமா கூட்டிட்டுப் போவாங்க?

காவேரி: அதப் பாத்துட்டு நான் சோறே வேண்டாம்னுட்டேன். மாதம்மாதான், 'ஏய், சாம்பார் வாசம் வருதுடி'ன்னா. சந்துக்குள்ள போனா ஒரு சின்னக் கடை. தமிழ்ல சாப்பாடுன்னு எழுதி ஒட்டிருக்குது. யாத்திரை வர்ற நம்மூருக்காரங்க சாப்புடற கடையாம்.

அம்மணி: அட, அங்கயும் நம்மாளுங்களா.

காவேரி: கொள்ளு கடைஞ்சிருந்தாங்கம்மா. ஒரு வாய் வெச்சதும், 'எங்க ஊட்டுல அம்மா கடையறாப்பலயே இருக்குது'ன்னேன். பரிமாறிட்டு இருந்த ஆளு திரும்பி வந்து நின்னாரு. 'ஏங்கண்ணு, ஊடுங்கறியே, எந்த ஊரு நீங்க?'ன்னாரு. சேலம்னேன். சேலத்துல எங்கன்னாரு. ஏற்காடுன்னேன். ஏற்காட்டுல எங்கன்னாரு.

அம்மணி: தெரியாத ஆளுகிட்ட ஊர் பேரெல்லாம் எதுக்குச் சொல்ற?

காவேரி: செம்மநத்தம், எஸ்டேட் லைனு, அம்மணி பொண்ணுன்னேன். கரண்டிய எந் தட்டுலயே வெச்சுட்டு உக்காந்துட்டாரு.

அம்மணி: இந்தப் பக்கத்து ஆளா இருக்கும். பொழைக்கப் போனவங்க எத்தன பேரு...

காவேரி: அப்பா பேரு கேட்டாரு. கருப்பண்ணன், நாஞ் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே செத்துட்டாருன்னேன். 'எப்படிச் செத்தாரு?'ன்னாரு.

அம்மணி: நீ என்ன சொன்ன?

காவேரி: நீ சொன்னதத்தான். எமர்ஜென்சி வருசம், மலைப்பாதையில தவறி விழுந்துட்டாரு, பள்ளத்துல எடுத்தாங்கன்னு.

அம்மணி: அதுக்கு?

காவேரி: அழுதாரும்மா. துண்டை வாயில வெச்சு அமுக்கிட்டு அழுதாரு. மேடமே பயந்துட்டாங்க.

அம்மணி: காப்பி வெக்கறேன் இரு...

காவேரி: அம்மா, அடுப்ப விடு. இப்படி உக்காரு. எங் கையப் புடிச்சுக்க.

அம்மணி: சொல்லு.

காவேரி: அன்னைக்கு நீ பாத்த பொணம்... மூஞ்சியெல்லாம் செதஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லுவியே. நீ தப்பாப் பாத்துட்டம்மா. அது அப்பா இல்ல. அப்பா உசுரோட இருக்காரு. அந்தக் கடையில எனக்குச் சோறு போட்டது அப்பாதாம்மா.

அம்மணி: இளைச்சுட்டாரா?

காவேரி: என்ன கேட்ட?

அம்மணி: ஆளு இளைச்சுட்டாரான்னு கேட்டேன்.

காவேரி: நீ ஏம்மா பதறவே இல்ல? ரயில்ல வர்றப்ப எல்லாம் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுட்டு வந்தேன். உனக்கு... உனக்குத் தெரியுமா?

அம்மணி: எங்க இருக்காருன்னு தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது.

காவேரி: இத்தன வருசமா பொட்டு வெக்காம இருக்கறியே...

அம்மணி: நாம் பொட்டு வெச்சிருந்தா அவரு உசுரு இருந்திருக்காது. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் எங் கையப் புடிச்சான், காப்பிப் பழம் பறிக்கற எடத்துல. உங்கப்பா செடி கழிக்கற கவ்வாத்துக் கத்தியில அவன் தோள்ல வெட்டிப்புட்டாரு. அவன் பொழச்சுக்கிட்டான். ஆனா அவனோட அண்ணந்தம்பிங்க, கருப்பண்ணன வெட்டாம விடமாட்டோம்னு வாழவந்தி ஊரு வரைக்கும் ஊடு ஊடாத் தேடுனாங்க. காப்பிச் செடிக்குள்ள ஒளிஞ்சிருந்தவர நாந்தான் அனுப்பி வெச்சேன். எங்க போறேன்னு எங்கிட்டக்கூடச் சொல்லாத, போயிருன்னேன்.

காவேரி: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.

அம்மணி: நாலு வயசுப் புள்ள வாயக் கட்ட முடியுமா? நீ வளந்தப்புறம் நாக்கு எழுல சாமி.

காவேரி: அந்த ரைட்டரு?

அம்மணி: போன மழைக்குச் செத்துட்டான். அண்ணந்தம்பிங்களும் எப்பவோ மலைய விட்டுப் போயிட்டாங்க.

காவேரி: அப்ப நானும் ஒன்னு சொல்லணும்... அப்பா அந்த வேலைய விட்டுட்டு எங்ககூடவே ரயில் ஏறிட்டாரும்மா. அடிவாரத்துல பஸ் நிக்கற எடத்துல உக்காந்திருக்காரு. 'உங்கம்மா வரச் சொன்னாத்தான் மலை ஏறுவேன்'ங்கறாரு.

அம்மணி: அடிவாரத்துலயா... இப்பவா?

காவேரி: ஆமா. நாம் போயிக் கூட்டிட்டு வரட்டா? ஊர்ல கேட்டா, மூஞ்சி தெரியாம மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லிக்கம்மா. யாரு உன்னையக் குத்தஞ் சொல்லுவாங்க?

அம்மணி: வேண்டாம் கண்ணு, நானே எறங்கி வர்றேன். அவரு இங்க வந்தா அந்தப் பொணம் யாருன்னு கேப்பாங்க. மூஞ்சி செதஞ்சுதான் கெடந்துச்சு... ஆனா கையி, கத்தி புடிச்சுக் காச்சுப்போன கையில்ல அது. சின்ன வயசுப் பையன் கையி. தேடறவங்க நம்பி விட்டுரட்டும்னு, தெரிஞ்சேதான் எம் புருசன்னு சொல்லி மேல விழுந்து அழுதேன். அவனப் பெத்தவ எங்கயோ இன்னும் வழியப் பாத்துட்டு இருப்பா.