சட்டகத்துக்குள் வேண்டாதவை

தொடக்கக்காரர்கள் எல்லாரும் செய்கிற முதல் தவறு, ஆளைக் கொண்டுபோய்ப் படத்தின் நட்டநடுவில் நிறுத்துவது. அடையாள அட்டைக்கு அது சரி. மற்றபடி நடுவில் நிற்பவன் அபராதம் கட்ட வந்தவன் மாதிரிதான் தெரிவான். உங்கள் சுவரில் இருக்கிற அதிகாரிகள் படத்தையே பாருங்கள் இன்ஸ்பெக்டர், தப்பாக நினைக்க வேண்டாம். ஏழு பேர். ஏழு பேருமே நடுவில் நிற்க முயன்றிருக்கிறார்கள்.

பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தையல் பள்ளியின் மேல்மாடி, இருபது நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கோடுகள் சந்திக்கிற புள்ளியில் ஆளை நிறுத்துங்கள். இது முதல் பாடம். வேண்டாததை அப்புறப்படுத்துங்கள். இது இரண்டாவது. தலையில் முளைத்த மின்கம்பம், பின்னால் காயும் பனியன், யாரோ விட்டுப்போன வாளி. கம்பத்தை ஒன்றும் செய்ய முடியாது, நாம்தான் நகர வேண்டும். வாளியை எடுத்து ஓரமாக வைக்கலாம். ஆனால் படம் எடுத்து முடித்ததும், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மறந்தவர் வகுப்புக்கே டீ வாங்கித் தர வேண்டும். வகுப்புக்கு வருகிற பல் டாக்டர் நாலு தடவை வாங்கித் தந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை.

என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, டைல்ஸ் கடை வைத்திருந்தார். போன வருடம் என் ஸ்கூட்டரைவிடக் கனமான ஒரு கேமராவோடு வகுப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“மூணுக்கு மூணு கட்டமா? அத்தான், டைல்ஸ்காரன்கிட்டயே வந்து கட்டம் போடறீங்களே!”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் பன்னிரண்டு பை வைத்த சட்டை ஒன்று வந்தது. பைகளில் எதுவும் இருக்காது. நாலாம் மாதம், “வெளிச்சம் என்கிட்ட பேசுது அத்தான்,” என்றார். என்ன பேசுகிறது என்று கேட்டேன். “அதெல்லாம் வாய்விட்டுச் சொல்ற விஷயமா?” என்றார். வெளிச்சமும் அவரும் ஏதோ குடும்ப ரகசியம் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அவருடைய படங்கள் நன்றாக இருந்தன. அதை நான் மறைக்கவில்லை. எங்கள் கூடத்தில் இருபது வருடமாக மாட்டியிருந்த, நான் எடுத்த என் மனைவியின் படம் ஒருநாள் இறங்கியது. தம்பி எடுத்த படம் ஏறியது.

“இதுலதான் நான் நானா இருக்கேன்,” என்றாள். “நீங்க எடுத்ததுல ஏதோ சாமான் மாதிரி நிக்கறேன். இடம் பார்த்து வச்ச சாமான்.”

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆணி கொஞ்சம் உயரமாக அடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவர் தனியாக வகுப்பு ஆரம்பிப்பதாக அறிவித்தார். கடையின் மேல்தளத்தில், குளிர்சாதன வசதியோடு, இலவசமாக. என்னுடைய இருபது பேரில் பதினாறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பேருந்து நடத்துநர் நல்ல மனிதர், நேரில் வந்து சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். அங்க நாற்காலிக்கு மெத்தை இருக்கு.” பதினோரு வருடப் பாடம் மெத்தையிடம் தோற்றது. இதையும் காரணமாக எழுத வேண்டாம். மாணவர்கள் வருவார்கள், போவார்கள்.

அந்தப் பழைய மாவு ஆலைக்குப் படம் எடுக்கப் போனதுதான் கடைசியாக எல்லாரும் சேர்ந்து போனது. காவலாளி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மேலே சுவரை ஒட்டி ஓடுகிற மரப் பரணைக் காட்டினார். கயிறு கட்டி, ‘ஏறாதே’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். “பலகையெல்லாம் உளுத்துப்போச்சு சார். பூனை நடந்தாலே முனகுது. பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க.” சொன்னேன். மைத்துனர் அப்போது வந்திருக்கவில்லை. பெரிய கலைஞர்கள் நேரத்துக்கு வருவதில்லை.

அவர் வந்தபோது மற்றவர்கள் வெளியே உடைந்த சன்னல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். “உங்க வகுப்பு விளம்பரத்துக்கு ஒரு படம் எடுத்துத் தர்றேன் மாப்பிள்ளை,” என்றேன். நெகிழ்ந்துபோனார். “உங்களுக்குக் கோபமா இருக்கும்னு அக்கா சொன்னா அத்தான். நான் நம்பல.” 

நான் முதலில் மேலே போய்ச் சட்டகத்தைச் சுத்தம் செய்தேன். சிவப்புக் கயிறு கண்ணை உறுத்தியது, அட்டையில் எழுத்துப் பிழையும் இருந்தது. இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அவர் மேலே போனார். பரணின் பலகைகள் நீளவாக்கில் ஓடி, பார்வையை நேராக அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. கூரை பாதி இல்லாததால் வெளிச்சம் கொட்டியது. ஆனால் ஆள் நடுவில் நின்றார்.

“ரெண்டடி இடது பக்கம் மாப்பிள்ளை.”

“இங்கயா அத்தான்? கட்டத்துல சரியா வருதா?”

“இன்னும் ஒரு அடி.”

கீழே திருகைக் கல் கிடந்தது.

பிறகு நான் மேலே ஏறி, கயிற்றையும் அட்டையையும் பழையபடி கட்டினேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது எங்கள் வகுப்பின் சட்டம். அவரே எச்சரிக்கையைத் தாண்டிப் போனதாகத் தோன்றவைக்கத்தானே என்கிறீர்கள். அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. முடிச்சுதான் வினையாகிவிட்டது. “இது நான் போட்ட முடிச்சு இல்ல,” என்று காவலாளி சொல்வார் என்று யார் கண்டது? படம் எடுத்ததற்கும் நான் மற்றவர்களைக் கூப்பிட்டதற்கும் நடுவே ஆறு நிமிடம் என்கிறீர்கள். அந்த ஆறு நிமிடமும் அவருக்கு மூச்சு இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார். எனக்கு முடிச்சுப் போட வராது. அதனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

உங்கள் ஆள் கேமராவையும் திறந்து பார்த்திருக்கிறார், கெட்டிக்காரர். ஒரே ஒரு படம். நிற்கிற மனிதனை எடுக்க ஷட்டர் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு திறந்தால் போதும். நான் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வைத்திருந்தேன், அவர் படியேறுவதற்கு முன்பே. அந்த வேகத்தில் விழுகிற பொருள் அந்தரத்தில் அப்படியே நிற்கும். எடுப்பவன் கை எவ்வளவு நடுங்கினாலும் படத்தில் தெரியாது. அவருடைய காலடியில் நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறேன். நகர்கிற உருவத்துக்கு அது போகிற பக்கம் இடம் விட வேண்டும்.

ஆம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரனாக இருந்தால் கை நடுங்கியிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு முடியளவுகூடக் கலங்கல் இல்லை.