மாரிச்செல்வி மறந்தவை, தேதிவாரியாக

எங்கள் வீட்டில் காலைக்கு என்ன டிபன் என்று கேட்டால் ஆறு பதில் வரும். வீட்டில் இருப்பது மூன்று பேர். அம்மாவுக்கு ஓர் ஓட்டு, எனக்கு ஓர் ஓட்டு, மீதி நாலும் என் தங்கைக்கு. ரவா உப்புமாவுக்காக நான் பல வருஷமாகத் தேர்தலில் நிற்கிறேன். ஒரு முறைகூட டெபாசிட் வாங்கியதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், டாக்டர் மேடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் உங்கள் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தங்கை செல்வியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒரே உடம்புக்குள்ள நாலு பேரா இருக்கிறதா உணர்றா. ஒருத்தர் செய்றது மத்தவங்களுக்குத் தெரியுது. மறதி இல்ல. எல்லாருக்கும் மறதி இருந்தே ஆகணும்னு இல்ல. வேலைக்குப் போறா, சாப்பிடுறா, தூங்குறா. இதுக்கு என்ன பேர் வைக்கிறதுங்கிறது என் கவலை. நீங்க நிம்மதியா ஊருக்குப் போங்க."

போனோம். நிம்மதியாகத்தான் இருந்தோம்.

போன வாரம் நீங்கள் கொடுத்த தாளில் பத்துக் கோடு போட்டிருந்தது. செல்வி எந்தெந்தத் தேதியில் எதையெதை மறந்தாள் என்று வீட்டு ஆள் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்றீர்கள். எனக்கு ஆறு கோடு போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருப்பதால் என் கடை லெட்டர்பேடில் எழுதுகிறேன். மேலே பறக்கிற ராக்கெட்டைப் பொருட்படுத்த வேண்டாம். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவன் லெட்டர்பேடில் ரோஜாப்பூ போட முடியாது.

முதலில் அந்த நாலு பேர். செல்வி உங்களுக்குத் தெரியும், இருபத்தேழு வயது, வேதியியல் படித்துவிட்டு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். இரண்டாவது ஆவுடைத்தாய், வயது ஐம்பது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளாம், என் தங்கைக்குள் இருந்துகொண்டு என்னை "ஏலே தம்பி" என்பாள். மூன்றாவது சீனிவாசகம், அதிகம் பேசமாட்டார், சாத்தூர் வழியாகப் போகிற அத்தனை பஸ்ஸின் நேரமும் மனப்பாடம். நாலாவது மணிமுத்து, ஆறு வயதுக் குழந்தை. கடையிலிருந்து கழித்துப்போட்ட லேபிள் ஷீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் மயிலையும் புலியையும் வெட்டி வைத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் நானும் தப்பாகத்தான் நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரே வெடியை நாலு கம்பெனி லேபிளில் போடுவார்கள். இதுவும் அப்படித்தான், சரக்கு ஒன்று, லேபிள் நாலு என்று சொன்னேன். ஆவுடை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "லேபிள் ஒட்டுதவன் கண்ணுக்குப் பாக்குறதெல்லாம் டப்பாவாத்தான் தெரியும். நீ போயி ஒன் சோலியப் பாருலே." அன்றோடு அந்தத் தத்துவத்தை விட்டுவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் நான் ஜோக் சொன்னேன், மரியாதைக்குத்தான் சிரித்தார்கள். வீட்டில் சொன்னால் ஒரே முகத்தில் நாலு விதமாகச் சிரிப்பு வரும். அப்படி ஒரு வீடு யாருக்கு அமையும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி அந்தக் குழு. செல்வி போனில் ஒரு குழுவில் இருந்தாள். தன்னைப் போலவே உள்ளுக்குள் பல பேராக இருக்கிறவர்கள், இருநூறு பேர், எல்லோரும் தமிழ். போன் அவளுடையது என்றாலும் என்னிடமும் காட்டுவாள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் போடுகிற தீர்மானத்தைப் பார்த்தால் தலை சுற்றும். சின்ன வயதில் பெரிய அடி வாங்காதவருக்கு இது வராது என்று ஒரு கட்சி. வரும் என்று மறு கட்சி. உள்ளே ஒரு கெட்டவர் கட்டாயம் இருப்பார், அவர் மற்றவர்களைத் தூண்டிவிட்டுப் பொய் சொல்ல வைப்பார் என்று ஒருவர். மறதி இல்லாதவர் நடிக்கிறார் என்று இன்னொருவர். இந்தக் கடைசி ஆள்தான் அட்மின்.

வெளியே மட்டும் என்ன வாழ்கிறது. அம்மா பேயோட்டக் கோடாங்கியைக் கூப்பிடலாமா என்பாள். சித்தி சினிமா பார்த்துவிட்டு வந்து, "உள்ள ஒரு கொலகாரன் இருப்பானாம்ல, வீட்டுல கத்தி கித்தியெல்லாம் பத்திரமா வச்சிருக்கீகளா" என்று கேட்டாள். இதுவரை என் உப்புமாவைத் தவிர வேறு கொலை நடக்கவில்லை என்றேன். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது, மேடம். எனக்கு அலுத்துப்போயிற்று. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி அட்மின் செல்வியிடம் ஒரு பட்டியல் கேட்டார். எத்தனை மறதி, எந்தத் தேதி. அவள், "எங்களுக்குள்ள மறதி கிடையாது, எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்று எழுதினாள். நடிப்பு என்று சொல்லிக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் அழுததை நான் பார்த்தேன். என் தங்கையை நாலு பேருக்கு முன்னால் பொய்க்காரி என்று சொன்னால் எனக்கு வலிக்காதா. அதற்காகத்தான் செய்தேன். இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நேர்மையாகச் சொல்வதென்றால் அவள் அழுதது ஒரு நாள்தான். அடுத்த நாளே, "போகட்டும்ண்ணே. நாங்க நாலு பேரு இருக்கோம், எங்களுக்கே ஒரு குழு ஆரம்பிச்சுக்கிடுதோம்" என்று சிரித்தாள்.

பதினோராம் தேதி ஹைதராபாத்திலிருந்து வேலை உத்தரவு வந்தது. மருந்து கம்பெனி, பெரிய லேப். அங்கே இருக்கிற அவளுடைய தோழி ரோஷினி ஏற்பாடு செய்து கொடுத்தது. ஜூனில் சேர வேண்டும். சீனிவாசகம் அன்றைக்கே ரயில் நேரம் எல்லாம் சொல்லிவிட்டார்.

இனிப் பட்டியல்.

ஒன்று, பிப்ரவரி பன்னிரண்டு. ஸ்கூட்டர் சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. யார் வைத்தது என்று செல்விக்குத் தெரியவில்லை. வைத்தது நான்.

இரண்டு, பிப்ரவரி பத்தொன்பது. செல்வி போனிலிருந்து ரோஷினிக்கு, "இனிமேல் என்னிடம் பேசாதே, உன் வீட்டில் தங்க எனக்கு விருப்பமில்லை" என்று ஒரு செய்தி போயிருந்தது. செல்வி குளித்துக்கொண்டிருந்தாள். அனுப்பியது நான்.

மூன்று, பிப்ரவரி இருபத்தாறு. நாலு பேரும் பொதுவாக எழுதுகிற ஒரு நோட்டு உண்டு. அதில் ஐந்தாவதாக ஒரு கையெழுத்து வந்தது. "நான் வந்திருக்கிறேன். உங்கள் யாருக்கும் என்னைத் தெரியாது." இடது கையால் எழுதினேன். எழுத்து என் தொழில் என்பதால் சுமாராக வந்தது.

செல்வி அந்தப் பக்கத்தைக் காட்டியபோது என் மனசு உருகிவிட்டது. "இத்தன வருஷம் மறதி இல்லன்னு நெனச்சேன்ண்ணே. குழுவுல அவுக சொன்னதுதான் சரி போல." அவளுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

நாலு, மார்ச் ஐந்து. இதைத்தான் அதிகம் யோசித்து எழுதுகிறேன். நோட்டில் ஆவுடை எழுதியிருந்தாள்: "செல்வி, அஞ்சாவதா ஒருத்தியும் இல்ல. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. நம்ம நாலு பேருக்கும் தெரியாம ஒண்ணு நடந்திருக்குன்னா அது நம்ம உடம்பு செய்யல. தம்பி கையப் பாரு, நீல மை இருக்கு."

சரியாகத்தான் சொன்னாள். உங்களைத் தவிர இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் ஆவுடைதான். செல்வி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தாள். நான் கோபப்படவில்லை. "உள்ள கெட்டவுக ஒருத்தர் இருப்பாக, பொய் சொல்ல வப்பாகன்னு அந்தக் குழுவுல எழுதுவாகளே. எனக்கு என்னத்தா தெரியும்" என்று மட்டும் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. குழுவில் எல்லோரும் சொல்வதுதான்.

அன்றிலிருந்து ஆவுடை பேசினால் செல்வி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆவுடை என்னைப் பார்த்து, "ஏலே, நாங்க ஒனக்கு என்னலே செஞ்சோம்" என்று கேட்டாள். கடைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

ஐந்து, மார்ச் பன்னிரண்டு. ஆதார் அட்டை காணாமல் போய், பூஜை அலமாரியில் கிடைத்தது. சின்ன விஷயம்.

ஆறு, மார்ச் பதினேழு. வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய வெள்ளி நிறப் பொடி கடையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பார்வைக்கு அவள் ஆய்வகத்தில் இருக்கிற அலுமினியப் பொடி மாதிரியே இருக்கும். அவர்கள் சாம்பிள் கவரில் ஒட்டுகிற ஸ்டிக்கரை அடித்துக் கொடுப்பதும் நான்தான். ஒரு கவரில் இரண்டு ஸ்பூன் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, அவள் வேலை முடிந்து வந்து மாட்டிய டிபன் பைக்குள் வைத்தேன். பட்டாசு ஆலையிலிருந்து வெடிமருந்துச் சரக்கு ஒரு சிட்டிகைகூட வெளியே வரக்கூடாது. எங்கள் ஊரில் இதைக் குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆபத்து எதுவும் இல்லை, மேடம். பாதுகாப்பு விஷயத்தில் நான் ரொம்பக் கவனம். அந்த வெள்ளிப் பொடியும் அலுமினியம்தானாம், டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, பிறகுதான் படித்தேன்.

சாயங்காலம் பையைக் கழுவ எடுத்தவள் கவரைப் பார்த்தாள். கத்தவில்லை. "அம்மா, அடுப்ப அணைங்க. சுவிட்ச்ச யாரும் தொடாதீக." கவரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொல்லைக்குப் போய்ச் சுவரோரம் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி வந்து தரையில் உட்கார்ந்தாள். "எங்கள்ல யாரோ கொண்டாந்திருக்காகண்ணே. எனக்குத் தெரியலண்ணே. சத்தியமாத் தெரியல."

மறுநாள் காலை மேனேஜர் வெள்ளைத்துரையிடம் அவளாகவே போய்ச் சொன்னாள். "எனக்கு மறதி இருக்கு சார். மருந்து இருக்கிற எடத்துல என்னைய நிக்க விடாதீக." அவர் இருப்பைச் சரிபார்த்துவிட்டு, "ஒரு கிராம்கூடக் கொறையலயே தாயி" என்றார். அவளுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. கணக்கில் காட்டாமல் எடுத்து வருகிற கெட்டிக்காரி ஒருத்தி தனக்குள் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே வேலையை விட்டாள். ஹைதராபாத்துக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டாள். அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. முழுக்க அவளே எழுதியது.

பட்டியல் இவ்வளவுதான். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்புகூடக் கேட்டார்கள். 'மறதி இல்லை என்று நினைத்திருந்தேன், இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்' என்று அவள் எழுதியதை அட்மின் எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத் தங்களுக்கும் மறதி இருக்கிறதோ என்று பதினோரு பேர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஆவுடை நோட்டில் ஒரு வரி எழுதினாள். "நீ அவனையே நம்பு தாயி." அதன்பிறகு அவள் எழுதவில்லை. சீனிவாசகம் எழுதவில்லை. மணிமுத்துக்குக் கொண்டுவந்த லேபிள் ஷீட் மேஜையில் சுருட்டினபடி கிடக்கிறது. இரண்டு மாதமாக வீட்டில் டிபனுக்கு மூன்றே பதில்தான். அம்மா, பேய் போயிற்று என்று இருக்கன்குடி அம்மன் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். குழுவில் ஒரு பாதி, நாலும் ஒன்றாகிவிட்டது, வாழ்த்துகள் என்றது. மறு பாதி, ஒன்றாவது என்றால் சாவது, இரங்கல் என்றது. இரண்டு நாள் சண்டை நடந்தது. நீங்களும் போன வாரம், ஒன்றுசேர்ந்திருக்கலாம், பார்ப்போம் என்றீர்கள்.

ஒன்றுசேரவில்லை, மேடம். அவர்கள் சொன்னதை அவள் நம்பவில்லை, அதனால் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். நீங்கள் மறதிக்கு மாத்திரை எழுதப்போவதாகச் சொன்னதால்தான் இவ்வளவும் எழுதினேன். அவளுக்கு மறதி இல்லை. இல்லாத ஒன்றுக்கு என் தங்கை மாத்திரை சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாங்கமாட்டாள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.

முந்தாநாள், "உள்ள கூப்பிட்டா என் சத்தமேதாண்ணே திரும்பி வருது" என்றாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். பெண் பார்க்கப் போன வீட்டில் சிரிப்பார்களே, அப்படி மரியாதைக்குச் சிரித்தாள். அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. நானும் அவளைத் தனியாக விடுகிறவன் இல்லை. அதனால் நோட்டில் மணிமுத்து வந்து நாலு வரி எழுதின மாதிரி வைக்கலாம் என்றிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, மயில் படம் வேண்டும், அக்கா அழாதே, அந்த மாதிரி. குழந்தைக் கையெழுத்து நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது சரியாக வந்திருக்கிறது.