முதலில் எழ வேண்டியவள்

லுப்ளின் நகரக் காவல் நிலையம், 2024 அக்டோபர். உக்ரைனிய மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் யாரெமா ஸ்கிபா. வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் உக்ரைனில் மிக்கொலாயிவ். தற்போது இந்நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள வாடகைக் குடியிருப்பில் நான்காம் மாடியில் வசிக்கிறேன். மின் இயந்திரவியலில் டிப்ளமா படித்துள்ளேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மெக்கானிக்காக இருக்கிறேன். போர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே வேலை அனுமதி பெற்று போலந்துக்கு வந்தவன்.

என் மனைவி சொலோமியா, அவருடைய மகள் உஸ்தினாவுடன், 2022 மார்ச்சில் எல்லை கடந்து என்னிடம் வந்து சேர்ந்தார். இருவருக்கும் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான பாதுகாப்பு நிலை வழங்கப்பட்டது. உஸ்தினாவுக்கு இப்போது வயது பத்து. அவள் என் மகள் அல்ல. அவளுடைய தந்தை அவள் பிறப்பதற்கு முன்பே விலகிப் போனவர், எந்த ஆவணத்திலும் இல்லாதவர்.

சென்ற பிப்ரவரியில் சொலோமியா கடையில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். கடைக்காரர் பிறகு அந்த ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நானும் உஸ்தினாவும் சாப்பிட்டோம்.

அதன் பிறகு நான் வழக்கம்போல் வேலைக்குச் சென்றுவந்தேன். காலையில் உஸ்தினாவுக்குத் தலை பின்னிவிடுவேன். கேபிள் கட்டுவதுபோல இறுக்கிப் பின்னுவதால் சாயங்காலம் வரை ஒரு முடிகூடக் கலையாது. வலிப்பதாக அவள் சொன்னதில்லை.

அதன் பிறகு அகதிகள் உதவி மையத்துக்குச் சென்று விசாரித்தேன். அங்கிருந்த அம்மையார், குழந்தைக்குச் சட்டப்படி யாரும் இல்லை என்றும், நான் தற்காலிகக் காப்பாளராக இருக்கக் குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். “அதுவரைக்கும் நான் யாருங்க அவளுக்கு?” என்று கேட்டேன். “அதுவரைக்கும் அவ அம்மாவோட வீட்டுக்காரர். அவ்வளவுதான் தம்பி” என்றார். மனு கொடுத்தேன். விசாரணை அடுத்த மாதம் வருகிறது.

இதற்கிடையில் சென்ற வியாழக்கிழமை சொலோமியாவின் அக்கா ஹலினா, உக்ரைனின் செர்னிவ்சி நகரிலிருந்து பேருந்தில் வந்தார். அவர்தான் இப்போது என் மீது புகார் கொடுத்திருப்பவர். அவர் கெட்டவர் அல்ல. வரும்போது ஊறுகாய் ஜாடிகளும் உப்புக்கண்டமும் கொண்டுவந்து, முதல் வேலையாக என் அடுப்பைத் தேய்த்துக் கழுவினார். அன்று சாப்பிடும்போது உஸ்தினாவைத் தன்னோடு அனுப்பும்படி கேட்டார்.

“எங்க ஊர்ப் பக்கம் குண்டு அவ்வளவா விழறதில்லப்பா. பள்ளிக்கூடம் நடக்குது. நீ ஒத்த ஆம்பள. நாளைக்கு அவ வயசுக்கு வந்தா என்ன பண்ணுவ, ஸ்பேனரத் தூக்கிட்டு ஓடுவியா?” என்றார்.

சரி என்றேன். உஸ்தினாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் அதே மையத்துக்குப் போய், நானும் அவளோடு போகலாமா என்று கேட்டேன். “உள்ள போறதுக்கு யாரும் தடுக்கமாட்டாங்க. திரும்பி வரணும்னா, போர்க்காலச் சட்டப்படி உங்க வயசு ஆம்பளைய எல்லையில விடமாட்டாங்க. பொண்ணும் ஒரு மாசத்துக்கு மேல அங்க தங்கிட்டா இங்க இருக்கிற பாதுகாப்பு நிலை போயிரும். யோசிச்சு முடிவெடுங்க” என்று அந்த அம்மையார் சொன்னார். யோசிக்க உட்கார்ந்தேன். யோசனை எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து உஸ்தினாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

அதன் பிறகு நேற்று ஞாயிற்றுக்கிழமை, பகல் பேருந்தில் அவர்கள் புறப்படுவதாக இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஓரெஸ்ட் கார் கொண்டுவந்தான். ஹலினாவின் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “என்னக்கா உள்ள, சோப்புத்தூளா, செங்கல்லா? ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற வீடு, லிஃப்ட் இல்ல பாருங்க” என்றான். “வாய வெச்சுக்கிட்டுச் சும்மா தூக்குடா. உன்னக் கட்டினவ பாவம்” என்றார் ஹலினா.

இந்த இடத்தில் அதிகாரி கேட்டதால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். நெடும்பயணம் புறப்படுமுன் எல்லோரும், வழியனுப்ப வந்தவர் உட்பட, பெட்டி மேலோ கிடைத்த இடத்திலோ சிறிது நேரம் பேசாமல் உட்காருவோம். பிறகு எழுந்து போவோம். சொலோமியாவின் குடும்ப வழக்கப்படி, உட்கார்ந்திருப்பவர்களில் இளையவர்தான் முதலில் எழ வேண்டும். அவருக்கு முன்னால் வேறு யார் எழுந்தாலும் அந்தப் பயணம் விளங்காது என்பார்கள். குண்டு விழுந்த நாளில் சொலோமியா உட்காராமல் ஓடிவந்தார். “உக்காராம கெளம்பினா. அதான் போயிட்டா” என்று ஹலினா இந்த மூன்று நாளில் பலமுறை சொல்லியிருந்தார். நேற்று எங்களை உட்காரச் சொன்னவரும் அவர்தான்.

உட்கார்ந்தோம். உஸ்தினா தன் பெட்டி மேல், ஹலினா நாற்காலியில், ஓரெஸ்ட் என் டூல்பாக்ஸ் மேல், நான் சொலோமியா படுக்கும் பக்கமாகக் கட்டிலில். உஸ்தினா கோட்டுப் பொத்தான்களைப் போட்டு முடித்திருந்தாள். வழக்கமான நேரம் கடந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிடி கண்ணு, பஸ் போயிரும்” என்றார் ஹலினா.

“அக்கா, நீங்க பேசிட்டீங்க. இனி முதல்லேருந்து உக்காரணும்” என்றான் ஓரெஸ்ட்.

“உன்னக் கேட்டனா?”

அதன் பிறகு மீண்டும் பேசாமல் உட்கார்ந்தோம். பேருந்து ஓட்டுநர் ஹலினாவின் போனுக்கு அழைத்தார். ஹலினா போனை மடியில் வைத்துக்கொண்டு எடுக்காமல் இருந்தார். அது அடித்து ஓய்ந்தது. அவர் நினைத்திருந்தால் எழுந்து பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்கமாட்டோம். அவர் நாற்காலியின் நுனியில் இருந்தாரே தவிர எழவில்லை.

“எந்திரிக்க மாட்டியாடி?” என்று கேட்டார்.

“எந்திரிச்சா போகணும் பெரியம்மா. அதான் உக்காந்திருக்கேன்” என்றாள் உஸ்தினா.

“ஏம்ப்பா, மரம் மாதிரி இருக்கியே. அவளத் தூக்கி நிறுத்தேன்” என்று ஹலினா என்னிடம் சொன்னார்.

நான் அவளைத் தொடவில்லை. பிடித்து வைத்திருந்ததாகப் புகாரில் உள்ளது சரியல்ல. என் இரண்டு கைகளும் தொடைக்குக் கீழே இருந்தன. ஓரெஸ்ட் சாட்சி.

அதன் பிறகு உஸ்தினா என்னைப் பார்த்து, “யாரெமா, நீ என்னப் போகச் சொல்றியா?” என்று கேட்டாள்.

நான் “இல்ல” என்றேன்.

நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் மறுத்தாள் என்பது புகார். அதற்கு முன்போ பின்போ நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னது உண்மை. கேட்டால் மறுபடியும் சொல்வேன். விசாரணையில் நீதிபதி கேட்டாலும் இதையே சொல்வேன்.

அதன் பிறகு பேருந்து போய்விட்டது. அது போய்விட்டதென்று தெரிந்ததும் உஸ்தினா எழுந்து கோட்டைக் கழற்றி, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அதன் பிறகுதான் நாங்கள் மூவரும் எழுந்தோம். ஹலினா தேநீர் குடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, புகார் கொடுக்க இங்கே வந்தார். வழி தெரியாததால் ஓரெஸ்ட்தான் காரில் கொண்டுவந்து விட்டான்.

என் தரப்பில் புகார் எதுவும் இல்லை. ஹலினா மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். தற்போது அவரும் உஸ்தினாவும் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். உஸ்தினாவுக்கு நான் போட்ட பின்னலை அவிழ்த்துவிட்டு அவர் தளர்வாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். நீதிமன்ற விசாரணையின்போது, அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்பதை அவளிடமே நேரில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் கேட்கவில்லை.

மேலே உள்ளதை மொழிபெயர்ப்பாளர் என் மொழியில் படித்துக் காட்டினார். ஒரு திருத்தம் கேட்டேன். ‘அவள் எழ மறுத்தாள்’ என்று எழுதியிருந்தது. ‘அவள் உட்கார்ந்திருந்தாள்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றப்பட்டது. மற்றவை நடந்தபடியே, நான் சொன்னபடியே உள்ளன. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யாரெமா ஸ்கிபா