மடிந்த பிறகு ஏன் கொல்ல வேண்டும்

நாவலப்பிட்டி பேக்கரி வேலை ஒத்துவரவில்லை. பையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தவன், பின்னால் வந்த கண்டி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மறுநாள் மஹய்யாவயில் முதல் தடவையாக டியூஷன் எடுக்கப் போகிறாள். பிள்ளைகளுக்குப் பிடித்தால்தான் வகுப்பு அவளுக்காம். பக்கத்தில் இருந்த தன் அண்ணியை மாணவியாக்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா மடிஞ்ச புரதத்த செல் சும்மா விடாது. கண்டுபிடிச்சு அழிச்சிரும்."

"மடிஞ்சதுக்கப்புறம் என்னத்துக்குடி அழிக்கணும்? அதான் செத்துருச்சே."

"ஐயோ அண்ணி, அந்த மடியிறது இல்ல. ஆம்பளைங்க இடுப்புல கட்டுற சாரத்த மடிக்கிறோமே, அது."

"தப்பா மடிச்சா அழிச்சிருமா? அப்ப ஒங்கண்ணனோட சாரம் ஒண்ணும் மிஞ்சாது."

"கேளுங்களேன். கெட்டுப்போனது மேல குட்டிக் குட்டிப் புரதமா வரிசையா ஒட்டும், வால் மாதிரி. வாலப் பாத்ததும் செல்லுக்குள்ள பீப்பா மாதிரி இருக்கிற ஒண்ணு அத உள்ள இழுத்துத் துண்டு துண்டா வெட்டிரும். அந்தத் துண்டெல்லாம் புதுப் புரதம் செய்ய ஒதவும்."

"வாலு?"

"வெட்டாது. கழட்டி அடுத்ததுக்கு ஒட்டிக்கும்."



"ஒரு பொணத்துக்குப் போட்ட மாலைய கழட்டி அடுத்த பொணத்துக்குப் போடுற மாதிரி."

பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இளையவள் சிரிக்கவில்லை.

"அதையே சொல்றேன் அண்ணி, ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. ஆனா சத்தியமா 'மடிஞ்ச'ன்னு மட்டும் வாயத் தெறக்க மாட்டேன். 'கோணிப்போன'ன்னு சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் சேர்ந்தேன். ஓடாத மின்விசிறிகளைப் பிரித்து, செம்புக் கம்பியைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார்கள்.