வெள்ளைக்கார ரீச்சருக்கு ஒரு வீடு

சமாதான காலம். நெடுந்தீவுக்குப் போகும் படகில், முன்னால் இருந்த பள்ளிக்கூட அதிபர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்ன வார்த்தையில் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“முந்தி வந்த வெள்ளைக்கார ரீச்சருக்கு நல்ல வீடு குடுத்துத்தான் எல்லாம் பிழையாப் போச்சு, அக்கா.”

“இதென்ன கதை, மாஸ்ரர்?”

“ஆறு அறை உள்ள வெறும் வீடு. தனிய இருக்கப் பயந்து ஊருக்கே திரும்பிப் போயிட்டா. இனி வாறவவும் போனா, எங்கட பிள்ளையளுக்கு இங்கிலீஸ் இல்லை. உங்கட வீட்டில வைச்சிருங்கோவன்.”

“எங்களுக்கு ஒரே அறை. பிள்ளையளும் அதுக்குள்ளதான் படுக்கினம்.”

“அதுதான் வேணும்.”



“அவ நித்திரையில புலம்பினா?”

“இங்கிலீசிலதானே புலம்புவா. பிள்ளையள் கேக்கட்டும்.”

“அப்ப நுளம்பு கடிக்காத மாதிரி ஒரு வலையை நீங்கள் வாங்கித் தாங்கோ. பெரிசா, எல்லாரும் அதுக்குள்ள படுக்கக் காணக்கூடியதா.”