தாடைக்குள் மாட்டெலும்பு

கோவில்பட்டியில் இருந்து கழுகுமலைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். கன்னம் வீங்கியிருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“என் தாடைக்குள்ள மாட்டெலும்பு இருக்கு மதினி.”

கடிக்கப்போன கடலைமிட்டாயை அப்படியே கையில் வைத்துக்கொண்டேன்.

“என்னட்டி சொல்லுத?”

“பல்லாஸ்பத்திரியில தாடைக் கட்டியத் தோண்டி எடுத்தாவல்லா, அந்தக் குழியில எலும்புத்தூள் வச்சிருக்காவ. வைக்குமுன்னே கேட்டாவ. ஆரோ மனுச எலும்புன்னு நெனச்சுத் தலையாட்டிட்டேன். இன்னைக்குத் தையல் பிரிக்கையிலதான் மாடுன்னு தெரிஞ்சுது.”

“ஒடம்புக்குச் சேராம போச்சுன்னா?”

“சேரும்ங்காவ. சூட்டுல போட்டு, சதை, கொழுப்பு எல்லாம் போக்கித்தான் வைப்பாவளாம். போகப்போக அது மேலயே என் எலும்பு வளந்து ஒண்ணாயிருமாம். அதான் பயமா இருக்கு.”

“வீட்டுல சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்ல? உழவு மாடு செத்தா மஞ்ச குங்குமம் வச்சு, மாலை போட்டு, புஞ்சையிலயே புதைக்கிற வீடு. மாட்டுப் பொங்கலுக்கு அந்தக் குழிக்கும் படையல் வைக்கோம். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போயி நிக்க?”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“ஒட்டிட்டா எது என் எலும்பு, எது அதுன்னு அவியளுக்கே தெரியாதாம்.”

பஸ் சட்டென்று நின்றது. கரிசலில் மேய்ந்து திரும்பிய மாடுகள் சாலையைக் கடந்தன. ஒன்று மட்டும் அவர்கள் ஜன்னலுக்கு நேரே நின்று தலையைத் தூக்கியது.

இளையவள் முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அது உன்னையப் பாக்கலட்டி” என்றாள் மதினி. சொல்லிவிட்டு ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.